ரத்தத்தில் தெரியும் நரம்பு நோய்

ஆளைப் பார்த்தால் நன்றாக இருப்பார். திடீரென்று ஒரு கண் மங்கும்; கால் மரத்துப் போகும். சில வாரத்தில் சரியாகும், மறுபடியும் வரும். வெயில் ஏறினால் தொல்லையும் ஏறும். திருவண்ணாமலை வெயிலைச் சொல்லவா வேண்டும்! "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்று வீட்டாரே ஏசுவதும் உண்டு.

நடிப்பு அல்ல, நோய். பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் வரும், பெண்களுக்கே அதிகம். மின்சாரக் கம்பிக்கு இருப்பதுபோல் நரம்புக்கும் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய சக்தியே அந்த உறையை அரிக்கிறது. உள்ளே இருக்கும் நரம்பு இழையும் சிதைகிறது.

சிதைந்த இழையில் இருந்து 'நியூரோபிலமென்ட்' என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. முன்பு இதை அளக்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். இப்போது கை ரத்தமே போதும். வயது கூடினாலும், தலையில் அடிபட்டாலும் இந்த அளவு உயரும். ஆகவே இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஸ்கேனும் நரம்பு டாக்டரும் வேண்டும். ஆனால், கொடுக்கிற மருந்து கேட்கிறதா என்று அறிய இது நன்றாக உதவும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு உதவி கேட்டு வருகிறவர் கோல் ஊன்றித்தான் வரவேண்டும் என்பது இல்லை. அதிகாரிகள் இதை உணர வேண்டும். கால் விழும் முன்பே சேதத்தைக் காட்டும் இந்த ரத்தச் சோதனையை, மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும்.