முகர்வும் ஒரு நிஃமத்தே

பார்வை மங்கியவருக்குக் கண்ணாடி வாங்கித் தருகிறோம். செவி மந்தமானவரிடம் சற்று உரக்கப் பேசுகிறோம். முகர்வை இழந்தவரை மட்டும் கேலி செய்கிறோம். சஹருக்கு எழுந்து சமைக்கும் தாய்க்குக் குழம்பு புளித்துப்போனது தெரியவில்லை என்றால், 'கவனமில்லாதவர்' என்பதே நாம் சூட்டும் பட்டம்.

நாட்பட்ட சைனஸ் அழற்சி உள்ளவர்களிடம் இக்குறை பரவலாகக் காணப்படுகிறது. முகர்வு நரம்பிழைகள் மூக்கின் உச்சியில் ஒரு குறுகிய இடுக்கில் அமைந்துள்ளன. வீக்கமோ 'பாலிப்' எனும் சதை வளர்ச்சியோ வழியை அடைத்தால் மணம் அங்கே சென்று சேர்வதில்லை. அழற்சி நீடித்தால் அவ்விழைகளும் பழுதுறுகின்றன. மெல்ல மெல்லக் குறைவதால் இழந்தவரே அதனை அறியாதிருப்பதுண்டு. 'நெய்ச்சோறு முன்போல் இல்லையே' என்று சமையலின்மீது குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

யூசுஃப் நபியின் வாசத்தைத் தொலைவிலிருந்தே யஃகூப் நபி உணர்ந்ததைக் குர்ஆன் (12:94) எடுத்துரைக்கிறது. சூழ இருந்தோர் அதனை நம்பவில்லை. நம் இல்லங்களில் நிகழ்வது அதன் மறுபக்கம்: நாம் உணர்வதை இன்னொருவர் உணரவில்லை என்பதை நம்ப மறுக்கிறோம்.

'ஐவேளை உளூச் செய்பவரை சைனஸ் அணுகாது' என்று சில பயான்களில் சொல்லப்படுகிறது. இதில் நமக்கு உடன்பாடில்லை. நாசிக்கு நீர் செலுத்துவது நபிவழி. நோன்பு நேரம் தவிர நன்கு செலுத்துமாறும் ஹதீஸ் உண்டு. அது இபாதத். அதனை மருந்துச் சீட்டாக்கினால், தொழுகையைப் பேணியும் நோயுற்ற சகோதரர் தம் உளூவையே ஐயுறுவார். அவ்வாறு நம்மிடம் வந்து கேட்டவரும் உண்டு. மருத்துவர் சொல்லும் உப்புநீர்க் கழுவல் வேறு; அதற்குக் கொதித்து ஆறிய நீரே வேண்டும். ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் பலருக்குப் பயன் தருகிறது. சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். நோன்பில் தெளிப்பான் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரவில் பயன்படுத்தலாமா என மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டு பள்ளிக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆனால் தம்மிடம் வீசும் நெடி இவருக்கு எவ்வாறு தெரியும்? ஸஃப்பில் முகம் சுளித்து விலகாமல், தனியே அழைத்துக் காதோடு சொல்லுங்கள்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை நாம் அறிவதற்கென்றே எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். அந்த எச்சரிக்கை எட்டாதவர் நம் வீட்டில் இருந்தால், கசிவை ஒலியெழுப்பி அறிவிக்கும் கருவியை ரமளானுக்கு முன்பே பொருத்திவிடுவோம். சஹரில் முதலில் அடுப்படிக்குள் நுழைபவர் அவர்தாமே.