டெஸ்ட் ஆடாதவர் கற்பிக்கலாமா?

பாகூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் வயல்கள் மைதானங்களாகிவிடுகின்றன. அங்கே டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பையன் ஒருவன், இருபத்தைந்து வயதில் ‘இனி வாய்ப்பில்லை’ என்று ஒதுங்கும்போது, அவன் கற்றதெல்லாம் வீண் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அது பிழையான முடிவு என்பதற்கு ரயான் டென் டோஸ்கேட்டின் வாழ்க்கை ஒரு சான்று.

1980இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர், டச்சுக் குடியுரிமை பெற்று நெதர்லாந்துக்காக ஆடினார். ஒருநாள் ஆட்டங்களில் 1541 ஓட்டங்கள், சராசரி 67. விராட் கோலியின் சராசரியைவிட இது அதிகம். எளிய எதிரணிகளிடம் சேர்த்தவை என்று சிலர் சொல்லலாம். 2011 உலகக் கோப்பையில், நாக்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த 119 அதற்கு மறுமொழி. ஆனால் அவருக்குக் கிடைத்த ஒருநாள் ஆட்டங்கள் 33 மட்டுமே. ஐசிசியின் இணை உறுப்பு நாட்டுக்கு ஆடியதால் டெஸ்ட் ஆடும் வாய்ப்பே அவருக்கு இல்லை.

கவுண்டி கிரிக்கெட்டில் அவர் தலைமையில் எஸ்ஸெக்ஸ் 2017இல் வாகை சூடியது. 2024இல் கொல்கத்தா அணி ஐபிஎல் கோப்பையை வென்றபோது அதன் களத்தடுப்புப் பயிற்சியாளர் அவர். அதே ஆண்டு கௌதம் கம்பீரின் கீழ் இந்திய அணியின் துணைப் பயிற்சியாளரானார். அதன்பின் இந்தியா சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 0-3 என்று தோற்றதும் உண்டு. 2025 சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதும் உண்டு. இவற்றுக்குத் துணைப் பயிற்சியாளர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்க இயலாது. டெஸ்ட் ஆடாதவர் டெஸ்ட் வீரர்களுக்குக் கற்பிக்கலாமா என்பதே நம் கேள்வி.

புதுவைக்காரர்களுக்கு இது புதிய கேள்வியன்று. கல்லூரியில் படிக்காத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பட்டத்தை அல்ல, அவரிடமிருந்த அறிவையே அது மதித்தது. அந்த நியாயம் விளையாட்டுக்கும் பொருந்தும். குறைந்த வாய்ப்புகளில் தன்னை நிரூபித்தாக வேண்டியவர், ஒவ்வொரு பந்தையும் எண்ணிப் பழகுகிறார். இயல்பிலேயே திறமை வாய்த்தவருக்கு விளக்க வராத நுட்பத்தைப் பல வேளைகளில் அவரே சொல்லித்தர வல்லவர்.

புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் நுழைந்ததே 2018இல்தான். அதற்குமுன் ஆடிய நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வாசல் மூடியிருந்தது. இன்று வில்லியனூர்ப் பக்கம் துத்திப்பட்டில் நல்ல மைதானம் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறையின் அனுபவம் எங்கே போயிற்று? கடையிலும் அலுவலகத்திலும் முடங்கிக் கிடக்கிறது. அவர்களுக்கு முறையான பயிற்சியாளர் கல்வி அளித்துக் கிராமப் பிள்ளைகளிடம் அனுப்ப வேண்டும் என்கிறோம். ஆட வாய்ப்புக் கிடைக்காதவருக்குக் கற்பிக்கும் வாய்ப்பையும் மறுப்பது இரட்டை அநீதி.