ஆடுவோர் இசைவு

கம்பைநல்லூரைச் சூழ்ந்த ஊர்களில் பாரதக் கூத்து நிகழுங்கால் பலர் கைப்பேசியால் படமெடுக்கின்றனர். எடுக்கட்டும், ஆயின் அதனை எங்கே, யாருக்குக் காட்டுவது என்பதை ஆடுவோரே முடிவு செய்தல் வேண்டும். மாணவர்களே, இமயத்தில் இது மறக்கப்பட்டமையால் நேர்ந்ததைக் கேளுங்கள். 1924ஆம் ஆண்டு எவரெஸ்டு ஏறச் சென்ற ஆங்கிலேயரைப் படமெடுத்த ஜான் நோயல், திபெத்து அரசின் இசைவின்றி லாமாக்கள் எழுவரை இலண்டனுக்கு வரவழைத்தார். மடத்து முற்றத்தில், திருவிழா நாளில், முகமூடி தரித்து வழிபாடாக ஆடும் ஆட்டம், அங்கே படம் தொடங்குமுன் கூட்டம் சேர்க்கும் வேடிக்கையாயிற்று! அப்படம் அரிய ஆவணமே. அக்காலத் திபெத்து மக்களின் வாழ்வை இன்றும் அதில் காணலாம். எனினும் இலண்டன் மேடையையும் படத்தின் சில காட்சிகளையும் திபெத்து அரசு இழிவெனக் கருதிச் சினந்தது. அடுத்த குழு எவரெஸ்டுக்குச் செல்ல 1933 வரை காத்திருக்க நேர்ந்தது.