திரைமறைவில் தீர்ப்பு

2023-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி லண்டன் மாநகரில் டாட்டன்ஹாம் கக்ஷிக்கும் லிவர்பூல் கக்ஷிக்கும் நடந்த கால்பந்தாட்டத்தில், லூயிஸ் டியாஸ் என்ற லிவர்பூல் ஆட்டக்காரர் ஒரு கோல் போட்டார். எல்லைக்கோட்டு உதவியாளர் 'ஆப்ஸைடு' என்று கொடியை உயர்த்தினார். அது பிசகு என்று காமிரா காட்டிற்று. மைதானத்திற்கு வெகு தூரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து காமிராப் படங்களைப் பரிசோதிக்கும் அதிகாரியும் அதைச் சரியாகவே கண்டார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டு விட்டதென்று அவர் தவறாக எண்ணிக்கொண்டிருந்தபடியால், பரிசோதனை முடிந்தது என்று மாத்திரம் சொல்லி நிறுத்திவிட்டார். மைதானத்திலிருந்த மத்தியஸ்தரோ, கொடி உயர்ந்ததே ஊர்ஜிதமாயிற்று என்று பொருள் கொண்டு ஆட்டத்தைத் தொடங்க விட்டார். சில விநாடிகளில் அறையிலிருந்தவர்களுக்குத் தவறு புலப்பட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு பின்னோக்கிச் செல்ல விதி இடங்கொடுக்கவில்லை. முடிவில் லிவர்பூல் 2-1 என்ற கணக்கில் தோற்றது.

லிவர்பூலுக்காக வக்காலத்துப் பேச நாம் இதை எடுக்கவில்லை. இந்த வழக்கில் இயந்திரம் பிழை செய்யவில்லை. படத்தைப் பார்த்தவர் கண்ணும் பிழை செய்யவில்லை. மூடிய அறைக்கும் திறந்த மைதானத்திற்கும் இடையில் நியாயம் தவறிப் போயிற்று. பணங்கொடுத்து உள்ளே வந்திருந்த 60,000-க்கு மேற்பட்ட ஜனங்களுக்கு, அந்த அறையில் பேசப்பட்டது இன்னதென்பது ஒலிப்பதிவு வெளியிடப்பட்ட பின்னரே, அதாவது மூன்று நாள் கழித்தே, தெரிய வந்தது. அறையில் ஒருவர் சொன்ன வார்த்தை மைதானத்தில் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால், பிசகு அந்தக் கணமே பிடிபட்டிருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

காமிராவை ஆட்டத்தில் புகுத்தியதே தவறு என்று சொல்வோர் உண்டு. அக்கூற்றை நாம் ஒப்புவதற்கில்லை. 1966-ல் இங்கிலாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கட்டையில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டிற்றா இல்லையா என்று ஸ்விட்ஜர்லாந்து மத்தியஸ்தர், அஜர்பைஜானைச் சேர்ந்த எல்லைக்கோட்டு உதவியாளரைக் கேட்டுக் கோல் கொடுத்தார். அந்த வியாஜ்யம் இன்னும் ஓயவில்லை. 1986-ல் மெக்ஸிகோவில் மாரடோனா கையால் தட்டிப் போட்ட கோலை உலகமெல்லாம் டெலிவிஷனில் கண்டது. காணாதவர் ஒருவர் உண்டானால், அவர்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய மத்தியஸ்தர். 2010-ல் ப்ளோம்பான்டைன் நகரில் லாம்பார்டு என்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜெர்மனிக்கு எதிராக உதைத்த பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே வந்தது, கோல் கொடுக்கப்படவில்லை. இந்த அநீதிக்குப் பின்னரே, பந்து கோட்டைத் தாண்டினால் மத்தியஸ்தரின் கைக்கடிகாரத்திற்கு உடனே செய்தி சொல்லும் ஏற்பாட்டை, ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் சபையார் 2012-ல் அங்கீகரித்தனர். இதற்கு விரோதமாக ஒருவரும் வாய் திறப்பதில்லை. காரணம் தெளிவு. பந்து தாண்டிற்றா என்பது நடந்த சங்கதி. அதற்கு வேண்டியது சாக்ஷி. இயந்திரம் நல்ல சாக்ஷி. ஒரு விநாடியில் சாக்ஷியம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும்.

2018-ல் விதிப் புத்தகத்தில் ஏறிய வி.ஏ.ஆர். என்னும் ஏற்பாடு வேறு ஜாதியைச் சேர்ந்தது. கோல், பெனால்டி, சிவப்புச் சீட்டு, ஆள் மாறாட்டம் என்ற நான்கு விஷயங்களில் மைதானத் தீர்ப்பை அறையிலிருப்பவர்கள் ஆராயலாம். தீர்ப்பு 'தெளிவான, வெளிப்படையான' பிழையாயிருந்தால் மாத்திரமே தலையிடலாம் என்று நிபந்தனை. கோர்ட்டில் வாதாடிப் பழகிய எவருக்கும் இந்த வாசகத்தின் அபாயம் உடனே தெரியும். எது தெளிவு? யாருக்கு வெளிப்படை? பந்து கையில் பட்டதா என்பது சங்கதி. கை இயற்கையான நிலையில் இருந்ததா என்பது அபிப்பிராயம். ஒரு தள்ளலை மெதுவாக ஓடும் படத்தில் பார்த்தால் கொலை முயற்சி போலிருக்கும். இயல்பான வேகத்தில் பார்த்தால் சாதாரண மோதல். இவ்விதம் சாக்ஷி ஆசனத்திலிருந்த இயந்திரம் மெல்ல நகர்ந்து நீதிபதியின் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டது. அதுவும் அப்பீல் கோர்ட்டாக! வாதி இல்லை, பிரதிவாதி இல்லை, வாதம் இல்லை, தீர்ப்புக்குக் காரணம் எழுதும் வழக்கமும் இல்லை.

ஆப்ஸைடு விஷயத்தில் அளவுகோலின் நுட்பம் எல்லை மீறிப் போயிருக்கிறது. 2022-ல் கத்தார் தேசத்தில் நடந்த உலகக் கோப்பையில் கூரைக்கடியில் 12 காமிராக்கள் வைத்து, ஒவ்வொரு ஆட்டக்காரர் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 தடவை கணக்கெடுத்தார்கள். பந்துக்குள் இருந்த கருவி விநாடிக்கு 500 தடவை செய்தி அனுப்பிற்று. முதல் ஆட்டத்தின் மூன்றாம் நிமிஷத்திலேயே ஈக்வடார் போட்ட கோல் அடிபட்டது. கணக்கில் தவறில்லை என்றே கொள்வோம். ஆனால் கோல் விழுந்த அந்தக் கணத்தில் எழும் ஆரவாரத்திற்காகவே ஏழையும் பணக்காரனும் கால்பந்து பார்க்கப் போகிறார்கள். இப்பொழுது கோல் விழுந்தவுடன் ஜனங்கள் கூச்சலிடுவதற்கு முன் மத்தியஸ்தரின் காதைப் பார்க்கிறார்கள். அங்கே அவர் விரலை வைத்தால் சந்தோஷத்தை வாயிலேயே அடக்கிக்கொள்கிறார்கள். என்னே விபரீதம்!

இந்த விபரீதம் யாருடைய சௌகரியத்திற்காக நேர்ந்தது? இங்கேதான் டெலிவிஷனின் கதையைச் சொல்ல வேண்டும். 1927 ஜனவரியில் ஆர்ஸனலுக்கும் ஷெப்பீல்டு யுனைடெட்டுக்கும் நடந்த ஆட்டத்தை பி.பி.சி. முதன்முதலாக ரேடியோவில் வர்ணித்தபொழுது, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்துப் பத்திரிகையில் படம் போட்டார்கள். பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று கேட்டு வீட்டிலிருப்பவர் மனத்தில் ஆட்டத்தைக் கற்பித்துக்கொண்டார். அப்பொழுது மைதானத்தில் இருப்பவனே பாக்கியசாலி. வீட்டிலிருப்பவன் அவனுடைய அதிர்ஷ்டத்தில் ஒரு துளியைக் கடன் வாங்கினான். இன்று நிலைமை தலைகீழ். கோலை ஆராயும் நேரத்தில் வீட்டிலிருப்பவன் பத்துக் கோணங்களில் படம் பார்த்து, பெட்டியில் பேசுவோரின் வியாக்கியானத்தையும் கேட்கிறான். மழையில் நனைந்துகொண்டு மைதானத்தில் நிற்பவனோ, 'பரிசோதனை நடைபெறுகிறது' என்ற பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும்.

பணம் போகும் வழியை நோக்கினால் இது ஆச்சரியமாகத் தோன்றாது. 1992-ல் இங்கிலாந்தில் பிரிமியர் லீக் ஆரம்பித்தபொழுது டெலிவிஷன் உரிமை 5 வருஷத்திற்கு 30 கோடியே 40 லக்ஷம் பவுனுக்கு விற்கப்பட்டது. 2025 முதல் 4 வருஷத்திற்கு அத்தேசத்துக்குள் மாத்திரம் 670 கோடி பவுன். சனிக்கிழமை பிற்பகல் ஆட்டங்களை அந்நாட்டில் நேராகக் காட்டலாகாதென்று 1960-களிலிருந்து ஒரு தடை இருக்கிறது. மைதானங்கள் காலியாகக் கூடாதென்ற நல்ல எண்ணத்தில் ஏற்பட்டது. அதனால் டெலிவிஷன்காரர் விரும்பும் ஆட்டங்களில் சில வெள்ளிக்கிழமை இரவுக்கும் திங்கட்கிழமை இரவுக்கும் ஓடுகின்றன. நியூகாஸிலிலிருந்து லண்டனுக்கு வரும் ஒரு தொழிலாளி, திங்கள் இரவு ஆட்டம் முடிந்தபின் ஊர் திரும்ப ரயில் இராது. இதைப் பற்றி அவனை ஒருவரும் கேட்கவில்லை. வி.ஏ.ஆரைப் பற்றியும் கேட்கவில்லை. 2024 ஜூனில் உல்வ்ஸ் சங்கத்தார் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட வேண்டுமென்று பிரேரணை கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பில் 20 சங்கங்களில் 19 எதிராக நின்றன.

சங்கம் ரசிகர்களுக்குச் சொந்தமாயிருக்கும் தேசங்களில் வேறு குரல் கேட்கிறது. ஸ்வீடனில் சங்கங்களின் பெரும்பான்மை வாக்கு அங்கத்தினர் கையில் இருக்க வேண்டுமென்பது விதி. அங்கே முதல்தரப் போட்டியில் வி.ஏ.ஆர். வேண்டாமென்று அங்கத்தினர் தடுத்து நின்றார்கள். நார்வேயில் 2024 ஜூலையில் ட்ரோன்ட்ஹைம் நகரத்து ஆட்டமொன்றில் ரசிகர்கள் மீன் வடைகளையும் டென்னிஸ் பந்துகளையும் மைதானத்தில் எறிந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தின்பண்டத்தை எறிவதை நாம் ஆதரிக்கவில்லை. அவர்களுக்கு மனுக் கொடுக்க வேறு கோர்ட்டு இருந்ததா என்று மாத்திரம் கேட்கிறோம். 2025 மார்ச்சில் அந்நாட்டு ஸமேளனத்தின் மகாநாடு கூடி, வி.ஏ.ஆரை வைத்துக்கொள்வதென்றே தீர்மானித்தது. அதுவும் சரியே. தோற்றவர்கள் சபையில் பேசித் தோற்றார்கள்.

நமது நேயர்களுக்கு அதிகப் பரிச்சயமான கிரிக்கெட்டைப் பாருங்கள். காமிராவைக் கொண்டு அவுட் கொடுப்பது 1992-ல் டர்பன் நகரில் ஆரம்பித்தது. அதில் முதலில் அகப்பட்டவர் நம் சச்சின் டெண்டுல்கர்தான். அன்று முதல் சச்சரவு ஓயவில்லையாயினும், மூன்றாவது அம்பயர் இன்று பேசுவதெல்லாம் ஒளிபரப்பில் கேட்கிறது. மட்டையில் பட்டதா, காலில் பட்டதா, எந்த வரிசையில் பார்க்கிறார் என்பதெல்லாம் சிறுவர்களுக்கும் தெரியும். கால்பந்திலோ, அறைப் பேச்சை ஆட்டத்தின் நடுவே ஒலிபரப்பலாகாதென்று தடை. 2023-ல் மாதர் உலகக் கோப்பையில், பரிசோதனைக்குப் பிறகு மத்தியஸ்தரே ஒலிபெருக்கியில் தீர்ப்பை அறிவித்தார். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் லீக் கோப்பை அரையிறுதியிலும் அவ்வாறே செய்தார்கள். நல்ல ஆரம்பம், ஆனால் தீர்ப்பின் கடைசி வரியை மாத்திரம் படித்தால் போதாது, விசாரணையும் காதில் விழ வேண்டும்.

நம் தேசத்திலும் வி.ஏ.ஆர். வேண்டுமென்ற கூக்குரல் எழுந்திருக்கிறது. 2023 மார்ச் 3-ந் தேதி பெங்களூரில் சுனில் சேத்ரி, எதிர்க் கக்ஷியார் தடுப்பு வரிசை அமைக்குமுன் ப்ரீகிக்கை உதைத்துக் கோல் போட்டார், மத்தியஸ்தர் செல்லுமென்றார், கேரளா பிளாஸ்டர்ஸ் கக்ஷியார் மைதானத்தை விட்டு வெளியேறி, பின்னர் 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டார்கள். அன்று கேள்வியெல்லாம், விசிலுக்குக் காத்திராமல் உதைக்க அனுமதி உண்டா என்பதை இரு கக்ஷியாரும் அறிந்திருந்தார்களா என்பதே. ஆயிரம் காமிராக்கள் இருந்தாலும் அதற்கு விடை கிடைத்திராது. மத்தியஸ்தர் தமது தீர்ப்பின் காரணத்தை அங்கேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தால் ஓரளவு கிடைத்திருக்கும். அகில இந்தியக் கால்பந்து ஸமேளனத்தார் காமிராக்களுக்கு விலை விசாரிக்குமுன், மத்தியஸ்தரின் சட்டையில் ஓர் ஒலிவாங்கியை மாட்டி, அதன் கம்பியை மைதானத்து ஒலிபெருக்கியோடு இணைக்கட்டும். அதற்கு வெளிநாட்டு நிபுணர் எவரும் வேண்டியதில்லை.