நெல்லுக்கு வந்த மெசேஜும் அப்பாவுக்கு வந்த மெசேஜும்

போன குறுவை அறுப்பு நேரத்துல என் போனுக்கு ரெண்டு மெசேஜ் வந்துச்சு. ஒண்ணு, கொள்முதல் நிலையத்துல நெல்லு போட வேண்டிய தேதி. இன்னொண்ணு, அப்பாவோட கண் ஆஸ்பத்திரி தேதி. முதல் மெசேஜை நாலு தடவை எடுத்துப் படிச்சேன். ரெண்டாவதைத் திறக்கவே இல்லை.

அப்பாவுக்கு சக்கரை வந்து பதினெட்டு வருஷம் ஆகுது. 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்ச பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துடுது. நல்ல விஷயம்தான். ஆனா கண்ணுக்கு மட்டும் நாமதான் போயாகணும். விழித்திரையில ரத்தக்குழாய் கசிய ஆரம்பிச்சிருக்கு, லேசர் வைக்கணும், தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டர் சொல்லி சீட்டுல தேதி எழுதிக் கொடுத்தார். என் நம்பரையும் வாங்கிக்கிட்டாங்க. அந்தத் தேதி வந்தப்போ நான் நெல்லுக் குவியல் மேல தார்ப்பாயைப் போர்த்திட்டு ராத்திரி பகலா காவல் கிடந்தேன். மழை எப்போ இறங்கும்னு வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்தவனுக்கு வேற நினைப்பே இல்லை.

இருபது நாள் கழிச்சுத்தான் அந்த மெசேஜ் கண்ணுல பட்டுச்சு. லோன் வேணுமா, ரீசார்ஜ் முடியப்போகுது, பரிசு விழுந்திருக்குன்னு வந்த குப்பைக்கு நடுவுல கிடந்துச்சு. முழுக்க இங்கிலீஷ். அனுப்பினது யாருன்னு பார்த்தா புரியாத நாலஞ்சு எழுத்து. உள்ளே தேதி, நேரம், ஏதோ ஒரு எண். அப்பா பேருகூட இல்லை. திரும்பப் போய் தேதி கேட்டா அடுத்த மாசம்னாங்க. அதுக்குள்ள இடது கண்ணுல ரத்தம் கசிஞ்சு பார்வை மங்கிடுச்சு. தாமதத்தால மட்டும்தான்னு சொல்ல முடியாதுன்னார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. இப்போ வரப்புல நடந்தா இடது பக்கம் கால் தடுமாறுது அப்பாவுக்கு.

தப்பு என்னோடது, மறைக்க ஒண்ணும் இல்லை. மாட்டுக்கு சினை ஊசி போட்ட தேதியைக் கேட்டா தூக்கத்துலகூட சொல்லுவேன், பெத்தவருக்கு மறந்துட்டேன். ஆனா மறக்கிறவனுக்குத்தானே ஞாபகப்படுத்தணும்?

நர்சிங் படிக்கிற எங்க அண்ணன் மக ஒரு விஷயம் சொல்லுச்சு. 2013-ல காக்ரேன்ங்கிற அமைப்பு எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்காங்க. மெசேஜ் அனுப்பினா நோயாளிங்க வர்றது கூடுது, போன் பண்ணிச் சொல்றதுக்கு ஈடா வேலை செய்யுது, செலவும் கம்மியாம். சரி, நம்புறேன். ஆனா படிச்சாத்தானே வேலை செய்யும்?

எங்க ஊர்ல யாரும் தேதியை வெச்சு நாளைக் கணக்குப் பண்றதில்லை. சந்தை நாள், அமாவாசை, கார்த்திகைன்னுதான் கணக்கு. புதன்கிழமைன்னா தடுப்பூசின்னு கைக்குழந்தை வெச்சிருக்கிற பொண்ணுங்க எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மெசேஜே வேண்டாம். அதனால "வர்ற வியாழக்கிழமை, உங்க அப்பாவுக்கு, கண் லேசர்" அப்படின்னு தமிழ்ல வரணும். அதையும் மூணு நாள் முன்னாடியே அனுப்பணும். முந்தின நாள் சொன்னா, நடவுக்குச் சொல்லிவெச்ச ஆளை என்ன பண்றது, பாலை யாரு கறக்கிறது? கண்ணுல சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் பார்வை மங்கலா இருக்கும், கூட ஒரு ஆள் வேணும். இதையும் அந்த மெசேஜ்லயே சொல்லலாம். சாப்பிட்டு வரணுமா, வெறும் வயித்துல வரணுமாங்கிறதையும் சேர்த்துத்தான். சக்கரைக்காரரை வெறும் வயித்தோட பஸ் ஏத்தி, அங்கே போனதும் சாப்பிட்டே வந்திருக்கலாமேன்னு கேக்குறதை நான் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, அப்பா வயசுக்காரங்க மெசேஜ் படிக்கிறதில்லை. மணி அடிச்சா எடுப்பாங்க. பதிவு பண்ணின குரல்ல சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கூப்பிட்டுச் சொல்லட்டும். வர முடியாதுன்னா ஒண்ணை அமுக்குங்கன்னு ஒரு வழியும் வேணும். நான் போகாத அன்னிக்கு அந்த லேசர் மெஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கும். முன்கூட்டியே சொல்ல முடிஞ்சிருந்தா இன்னொருத்தர் போயிருப்பார்.

கூட்டத்துல திணர்ற ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் அதிகப்படியான வேலையாத் தெரியலாம். ஆனா மெசேஜ் அனுப்புறதுக்கு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு, அதுல நாலு வார்த்தையைத்தான் மாத்தச் சொல்றேன்.

அதுவரைக்கும், வீட்டுல பெரியவங்க ஓ.பி. சீட்டை எடுத்து அதுல யாரோட நம்பர் இருக்குன்னு பாருங்க. எங்க தெருவுல ஏழு வீட்டுல பார்த்தோம். ஒரு பாட்டி சீட்டுல இருந்தது சிங்கப்பூர் போன பேரனோட பழைய நம்பர், ரெண்டு வருஷமா அது உபயோகத்துலயே இல்லை. இன்னொரு சீட்டுல பக்கத்து வீட்டுக்காரர் நம்பர். அவங்க ரெண்டு வீட்டுக்கும் இப்போ வேலித் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது.