பரிசு சரி, உரிமை எங்கே?

பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. படித்து முடித்து வசதியான நிலைக்கு வந்த முன்னாள் மாணவி ஒருவர் ஒரு தொகையைக் கட்டிவைப்பார். அதன் வட்டியிலிருந்து, சினிமா எடுக்கப் பயிலும் மாணவிக்கு ஆண்டுதோறும் பரிசு. நல்ல மனம்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால், "இங்கும் நாலு புண்ணியவான்கள் கிளம்பினால் போதும், சர்க்கார் எதற்கு?" என்று பேசுவோர் உண்டே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு!

பரிசு யாருக்குக் கிடைக்கும்? கல்லூரிக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டவளுக்கு! ஆரணியில் நாற்று நடும் தாயின் மகளும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளியின் மகளும் தரமணி அரசு திரைப்படக் கல்லூரியின் வாசலை மிதிப்பது எப்படி? படிப்புச் செலவு ஒரு பக்கம். படிக்கும் ஆண்டுகளில் வீட்டுக்கு வராமல் போகும் கூலி மறுபக்கம். வாசலுக்கு வெளியே நிற்பவளுக்கு, மேடையில் கொடுக்கும் பரிசால் என்ன பயன்?

பெண்களுக்குத் திறமை இல்லை என்பார்களா? 1936-லேயே 'மிஸ் கமலா' படத்தை எழுதி இயக்கியவர் டி.பி.ராஜலட்சுமி. ஆனாலும் ஒரு பெண் படம் இயக்கினால் இன்றும் அது செய்தியாகிறதே, ஏன்?

தயவுக்கு இன்னொரு குணமும் உண்டு. கொடுத்த கையே பறித்துக்கொள்ளும்! 2015-இல் புனே திரைப்படக் கல்லூரித் தலைவர் பதவிக்கு மத்திய சர்க்கார் செய்த நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் முன்னின்ற பாயல் கபாடியாவின் உதவித்தொகை வெட்டப்பட்டது. அதே பாயல் 2024-இல் கான் திரைப்பட விழாவின் இரண்டாவது பெரிய பரிசை வென்றார். மும்பை ஆஸ்பத்திரியில் உழைக்கும் நர்சுகளும், கட்டட முதலாளிகள் வீட்டைவிட்டுத் துரத்தும் சமையற்காரப் பெண்ணும்தான் அந்தப் படத்தின் கதை. உடனே பிரதமர் பாராட்டினார்! பெயர்பெற்ற ஓவியரின் மகளுக்கே உதவித்தொகை வெட்டு என்றால், கூலிக்காரன் மகள் எதிர்த்துப் பேசினால் என்ன கதி?

வேறு வழி இல்லையா? இருக்கிறது. 2019-இல் கேரளத்தின் இடது முன்னணி சர்க்கார் பெண் இயக்குநர்களுக்காக 3 கோடி ரூபாய் ஒதுக்கியது. படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி. அந்தப் பணத்தில் தாரா ராமானுஜன் எடுத்த 'நிஷித்தோ', பிழைப்புத் தேடிக் கேரளம் போன வங்க இளைஞனையும் தமிழ்ப் பெண்ணையும் திரையில் நிறுத்தியது. பிறகு தலித், ஆதிவாசி இயக்குநர்களுக்கும் திட்டம் விரிந்தது. நடைமுறையில் புகார்கள் எழுந்தன, மறைக்கவில்லை. பொதுப்பணம் என்பதால்தான் பகிரங்கமாகக் கணக்குக் கேட்க முடிந்தது. தர்மப்பிரபுவிடம் கணக்குக் கேட்க முடியுமா?

ஆகவே நாம் கோருகிறோம்: தரமணிக் கல்லூரியில் ஆலைத் தொழிலாளி, விவசாயத் தொழிலாளி வீட்டுப் பெண்களுக்கு இடமும் விடுதியும் சாப்பாடும் படம் எடுக்கும் செலவும் பொதுப்பணத்திலிருந்து, சட்டப்படி வேண்டும். போராடினால் பறிக்க முடியாத உரிமையாக வேண்டும்!

நம் வாழ்வை மற்றவர்கள் படமாக்கி லாபம் பார்த்தது போதும். நம் பெண்களின் கையில் காமிரா வரட்டும்! சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கையை எழுப்புங்கள், தோழர்களே!