கத்தோலிக்கப் பாடசாலைச் சமூகமும் வாழ்நாட் கல்வியும்

கத்தோலிக்கப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களில் வாசிக்கப்பெறும் அதிபர் அறிக்கைகளில் இரண்டு பகுதிகள் தவறாது இடம்பெறுவதுண்டு. ஆன்மா, அறிவு, உடல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்த்து, வாழ்நாள் முழுவதும் கற்கும் மனிதனாகப் பிள்ளையை உருவாக்குவதே பாடசாலையின் இலட்சியம் என முதற்பகுதி முழங்கும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் எத்தனை பேர், க.பொ.த. உயர்தரத்திற் சித்தியடைந்து பல்கலைக்கழகம் புகுந்தோர் எத்தனை பேர் என இரண்டாம் பகுதி கணக்குக் காட்டும். இரண்டாவதற்குச் சான்று உண்டு. முதலாவதற்குச் சான்று எதுவும் காட்டப்படுவதில்லை. அதனைக் கேட்பாரும் இல்லை. கேட்கப்படவேண்டிய வினா அதுவே.

வாழ்நாட் கல்வி என்பது புதிய கோஷம் அன்று. எட்கார் ஃபோர் தலைமையிலான யுனெஸ்கோ ஆணைக்குழு 1972இல் அதனைக் கல்விக் கொள்கையின் மையத்தில் வைத்தது. அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1965 ஒக்டோபர் 28ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தனது அறிக்கையை வெளியிட்டது. பிள்ளையின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்றும், பாடசாலை என்பது சுதந்திரமும் அன்பும் நிலவும் ஒரு சமூகமாக இருத்தல் வேண்டும் என்றும் அது வற்புறுத்திற்று. ஆகவே கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு இவ்விலட்சியம் வெளியிலிருந்து வந்த சுமை அன்று. அவை தாமாகவே ஏற்றுக்கொண்ட கடமையாகும்.

அக்கடமை நிறைவேறக்கூடியது என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மரபே சாட்சி. 1875இல் மானிப்பாயிற் பிறந்த சுவாமி ஞானப்பிரகாசர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து குருவானவர். பணிச்சுமைகளுக்கிடையே மொழி பல கற்று, தமிழ்ச் சொற்பிறப்பு ஆராய்ச்சியில் 1947இல் இறக்கும்வரை உழைத்தார். தனிநாயகம் அடிகள் உரோமாபுரியிற் குருத்துவக் கல்வியை முடித்த பின்னரே, வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில், தமிழை ஆழ்ந்து கற்கத் தலைப்பட்டார். முப்பது வயதைக் கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் புகுந்து மாணவராய் அமர்ந்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்த தாவீது அடிகள் முதிர்ந்த வயதிலும் சொல்லாராய்ச்சியைக் கைவிடாதவர். இவர்களுள் எவரையும் இப்பணிக்கு எந்தப் பரீட்சையும் ஏவவில்லை.

இவர்கள் அபூர்வ மனிதர்; சாதாரணப் பிள்ளைக்கு இவர்களை அளவுகோலாக்கலாமோ என ஒருவர் வினவலாம். மேதைமையை எவரும் கற்பிக்க முடியாது என்பது மெய்யே. ஆயின் அம்மேதைமை வளர்வதற்கு நூல்களும், ஓய்வு நேரமும், கற்றோர் உறவும் துணைநின்றன. இம்மூன்றையும் சாதாரணப் பிள்ளைக்கும் கொடுக்க முடியும். இன்று பறிக்கப்படுவன இம்மூன்றுமே.

மூன்றாந் தரத்திலோ நான்காந் தரத்திலோ பிள்ளையின் மாலைப்பொழுது ரியூசன் வகுப்புக்கு எழுதிக்கொடுக்கப்படுகின்றது. கடந்தகால வினாத்தாள்கள் வாசிப்பின் இடத்தைப் பிடிக்கின்றன. கட்டடமும் அலுமாரியும் இருந்தும், நூலகத்துக்கு நேர அட்டவணையில் இடமில்லை. பல இடங்களில் ஞாயிறு காலையும் மிஞ்சுவதில்லை; மறைக்கல்வி வகுப்பா, கணித வகுப்பா என்ற போட்டியில் எது வெல்கின்றது என்பதைப் பங்குத்தந்தையர் அறிவர். மறைக்கல்வியேனும் வேறுபட்டதா? சமயம் சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டாய பாடமாதலின், அதுவும் வினாவிடைப் புத்தகமாகச் சுருங்கிவிட்டது. குற்றமற்றவர் ஏன் துன்புறவேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு, அது பாடத்திட்டத்தில் இல்லை என்ற விடையே கிடைக்குமாயின், அப்பிள்ளை கற்பது சமயம் அன்று, வினவாதிருத்தலே.

பழியெல்லாம் அரசின்மீது என்பது வழக்கமான சமாதானம். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பாடத்திட்டமும் பரீட்சையும் அரசின் கையில் உள்ளன. திருச்சபை என்ன செய்யும் என்கின்றனர். ஆயின் அக்காலத்திற் சில பாடசாலைகள் கட்டணமும் அறவிடாமல், அரச உதவியும் இல்லாமல், தனித்து நிற்கத் துணிந்தன. பெற்றோரும் துறவியரும் பழைய மாணவரும் பெருந்தியாகஞ் செய்து அவற்றைக் காத்தனர். எதற்காக? வாயிலில் நிற்கும் புனிதரின் சிலையைத் தவிர வேறெந்த வேறுபாடும் இல்லாத பாடசாலைக்காக எனின், அத்தியாகம் வீணாயிற்று. பாடத்திட்டத்தை அரசு வகுக்கலாம். வகுப்பறையில் வினாவெழுப்பும் பிள்ளையைத் தண்டிக்குமாறு எந்தச் சட்டமும் பணிக்கவில்லை.

இன்னொரு வாதம் இதனினும் கனமானது. போரினால் நிலமும் தொழிலும் இழந்த குடும்பத்துக்குப் பரீட்சை ஒன்றே ஏணி. அதனைப் பழிப்பது வசதியுள்ளோரின் விளையாட்டு என்பர். ஏணியை எடுத்தெறியுமாறு எவரும் கேட்கவில்லை. அதில் ஏறமுடியாத பெரும்பான்மையோருக்குப் பாடசாலை எதனைக் கொடுத்தனுப்புகின்றது என்பதே கேள்வி. பத்து வயதிலே தோல்வியுற்றவன் என முத்திரை குத்தப்பட்ட பிள்ளை, புத்தகத்தைக் கண்டால் அஞ்சும் மனத்தோடு வெளியேறுகின்றது. 2009இன் பின்னர் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கிய பெண்ணுக்கும், மாறிவரும் கடற்றொழிலில் நிலைக்க முயலும் மீனவனுக்கும் புதிதாய்க் கற்கும் ஆற்றல் பிழைப்பின் தேவை. வறியோருக்கே அது இன்றியமையாதது. ஏணியின் உச்சியை அடைந்தோர் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. விரிவுரைக் குறிப்பை எழுதித் தருமாறு கேட்டு, அதற்கப்பால் ஒரு நூலையும் திறவாமற் பட்டம் பெற்றுச் செல்வோரைப் பல்கலைக்கழகம் நன்கறியும்.

செய்யவேண்டியன பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. புலமைப்பரிசிற் பெறுபேற்றைப் படங்களோடு மதிலில் தொங்கவிடும் பதாகைகளைக் கத்தோலிக்கப் பாடசாலைகள் முதலில் அகற்றட்டும். அப்பதாகையில் இடம்பெறாத பிள்ளையும் அதே வாயிலாலேயே நாள்தோறும் உள்ளே வருகின்றது. நாளொன்றுக்கு ஒரு பாடவேளையேனும் புள்ளியற்ற வாசிப்புக்கு ஒதுக்கப்படட்டும். அவ்வேளையில் ஆசிரியரும் மாணவர்முன் இருந்து வாசிக்கட்டும். கற்பதை நிறுத்திவிட்ட ஆசிரியரிடம் பிள்ளை கற்றுக்கொள்வது நிறுத்துவதையே. பங்குமனையின் ஓர் அறை ஞாயிறு பிற்பகலிற் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவான வாசிகசாலையாகட்டும். படகு கட்டுவோரும் தச்சரும் தாதியரும் தம் தொழிலறிவைச் சொல்ல வகுப்பறைக்கு அழைக்கப்படட்டும். துடுப்பாட்டப் போட்டிக்குத் தாராளமாகச் செலவிடும் பழைய மாணவர் சங்கங்கள் அதில் ஒரு பங்கை நூலகத்துக்கு ஈயட்டும்.

இவற்றுக்கு அமைச்சின் சுற்றறிக்கை வேண்டியதில்லை. ஆயர் இல்லமும் அதிபரும் பெற்றோரும் மனம் வைத்தாற் போதும். அதுவரை அதிபர் அறிக்கைகள் முதற்பகுதியை விட்டுவிட்டு, இரண்டாம் பகுதியை மட்டும் வாசிப்பதே நேர்மையாகும்.